என் கராஜ் வடிகால் ஒழுகவில்லை

செம்பூரில் எங்கள் கராஜ் வாசலில் நான் பதித்த வடிகால் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. இணைப்பு எதுவும் விட்டுப்போகவில்லை. சிமென்ட் எங்கும் வெடிக்கவில்லை. முக்கியமான தகவல் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. அதனால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. என் குடும்பத்தில் வேறு யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நான் மும்பையில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். பிறர் எழுதியதில் தவறு கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். பத்திரிகையில் தவறு நேர்ந்தால் மறுநாள் உள்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத மூலையில், ‘வருந்துகிறோம்’ என்று இரண்டு வரி போடுவோம். இந்தக் கட்டுரை அந்த வகை அல்ல. நான் வருந்தவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன், அவ்வளவுதான். (சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். பழகிவிட்டது.)

எங்கள் கட்டடம் பழையது. தரைத்தளத்தில் வரிசையாகக் கராஜ்கள், மேலே வீடுகள். அந்தக் கராஜ்களில் ஒன்று எங்களுடையது. எங்களிடம் கார் கிடையாது. என் கணவர் பஷீரின் ஸ்கூட்டரும், அவருடைய மருந்துக் கடையிலிருந்து கழித்துக் கட்டிய அலமாரிகளும்தான் அங்கே குடியிருந்தன. கட்டடம் எழும்பிய காலத்தில் கராஜ் தரை தெருவைவிட உயரமாக இருந்ததாம். பிறகு தெருவுக்குத் தார் மேல் தார் போட்டுப் போட்டு, தெரு எழுந்து நின்றுகொண்டது, கராஜ் உட்கார்ந்துவிட்டது. ஆகவே ஜூன் மாதம் வந்தால் தெருத் தண்ணீர் ஷட்டருக்கு அடியில் புகுந்து, வீட்டுக்காரர் மாதிரி உள்ளே நடமாடும்.

இதற்குப் பஷீர் கண்ட தீர்வு செங்கல். அலமாரிக்குக் கீழே செங்கல், பழைய ஃபிரிட்ஜுக்குக் கீழே செங்கல், ஸ்கூட்டருக்குக்கூடச் செங்கல். எங்கள் கராஜில் செங்கல் மேல் ஏறாத ஒரே பொருள் தண்ணீர்தான்.

வடிகால் போட்ட அந்த வருடம் ஏப்ரலில் என் தம்பி யூசுப் வந்தான். தாராவியில் தோல் பை தைக்கிறவன். மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே எங்கள் தாய்மாமாவின் பட்டறையில் வேலை பார்த்தவன், அப்போதுதான் பிரிந்து வந்து, மாடியில் தகரக்கூரை போட்ட ஓர் அறையைப் பிடித்து, தன் பெயரில் போர்டு மாட்டியிருந்தான். மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம், “மழ வரட்டும். பய தானா வந்து நிப்பான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“லாத்தா, ஒரு பெரிய ஆர்டர் கெடச்சிருக்கு” என்றான் யூசுப். “ஆபீஸ் பை. மொத மொத என் பேருல வந்த ஆர்டர். ஆனா பார்ட்டி ஜூலைலதான் டெலிவரி எடுப்பான். அதுவர சரக்க வைக்க எடம் இல்ல.”

“உன் ரூம்லயே வை.”

“மேல தகரம் லாத்தா. மழைல சொட்டும். தோல்ல ஈரம் பட்டா பூஞ்ச புடிச்சிரும். அப்புறம் பார்ட்டி சரக்க மூஞ்சில எறிவான். நான் மாமாட்ட போயி கையக் கட்டிட்டு நிக்க வேண்டியதான்.”

“எங்க கராஜ்ல வை.”

பஷீர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “ஏளா, அது கராஜா, கொளமா?”

“மழைக்குள்ள அத நான் சரி பண்ணிருதேன். ஒரு சொட்டு வராது. என் பொறுப்பு.”

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைத் தம்பி இன்றும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவான். நன்றாகத்தான் சொல்வான், ஆனால் கையை அவ்வளவு ஆட்டியிருக்க மாட்டேன் என்பது என் கருத்து.

என்ன செய்யலாம் என்று யூடியூபில் தேடினேன். குளிர்நாடுகளில் பனி உருகும் தண்ணீர் கராஜுக்குள் தேங்காமல் இருக்க ஓர் ஏற்பாடு செய்கிறார்கள். ஷட்டரை ஒட்டித் தரையின் குறுக்கே நீளப் பள்ளம் வெட்டுகிறார்கள். அதில் வாய்க்கால் போன்ற பிளாஸ்டிக் தொட்டிகளை ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கிறார்கள். மேலே தண்ணீர் இறங்க இடைவெளி விட்ட இரும்புக் கம்பித் தட்டு, அதாவது ஜாலி. உள்ளே நுழைகிற தண்ணீர் ஜாலிக்குள் விழுந்து, ஒரு பக்கமாக ஓடி, குழாய் வழியாக வெளியேறிவிடும். படு சுத்தமான யோசனை. அந்த வீடியோக்களில் கையுறை போட்ட ஆண்கள் விசில் அடித்துக்கொண்டே கான்கிரீட்டை வெட்டினார்கள். இரண்டு கார் நின்றதுபோக மீதி இடத்தில் எங்கள் கட்டடத்தின் ஒரு மாடியைக் குடிவைக்கலாம் போன்ற கராஜ்கள். பின்னால் புல்வெளி, அதற்குப் பின்னால் மலை.

எந்த வீடியோவிலும் கடல் இல்லை. இதை நான் அப்போது கவனிக்கவில்லை.

என் குழாயை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதில் சிக்கலே இல்லை. எங்கள் தெருவோரம் மழைநீர்ச் சாக்கடை ஓடுகிறது. அது நாலா என்கிற பெரிய கால்வாயில் சேர்கிறது. நாலா கடற்கழியில் சேர்கிறது. நேரான பாதை. அச்சுக்குப் போகிற பக்கம் மாதிரி ஒரு கை விட்டால் அடுத்த கை.

எதிர்ப்பு எங்கள் குடியிருப்போர் சொசைட்டியின் செக்ரட்டரியிடமிருந்து தொடங்கியது. சேஷாத்ரி மாமா மாடுங்காவில் பிறந்து, வங்கியில் ஓய்வுபெற்று, எங்கள் கட்டடத்தில் முதல் மாடிக்குக் குடிவந்தவர். படியேறும்போது பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா நசீமா, தரையைப் பொளக்கப் போறியாமே?”

“ஆமா மாமா. தண்ணி வடியுறதுக்கு.”

“பில்டிங்குக்கு முகமே அந்தப் பக்கம்தான். முகத்துல கோடு இழுத்தா நன்னாவா இருக்கும்?”

“ஷட்டருக்கு உள்ள மாமா. மூடுனா தெரியாது.”

“வாஸ்துன்னு ஒண்ணு இருக்கு. வாசல்ல பள்ளம் ஆகாது.”

“எங்க வாசல் ரெண்டாவது மாடில இருக்கு. இது ஸ்கூட்டருக்கு வாசல்.”

“சரி, இன்னிக்கு நீ போடுவே. நாளைக்கு எல்லாரும் போடுவா. அப்பறம் சொசைட்டி என்ன ஆறது?”

“காஞ்சு போயிரும் மாமா.”

மத்தியானம் அவர் தூங்கும் நேரத்தில் சத்தம் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அடுத்து பஷீர், ஜாலியில் ஸ்கூட்டர் சக்கரம் மாட்டிக்கொள்ளும் என்றார். தாராவியிலிருந்து மாமா, “பொம்பள சொல்லி வெட்டுன பள்ளத்துல தண்ணி நிக்கவும் செய்யாது, போகவும் செய்யாது” என்று சொல்லி அனுப்பினார். (அறிவியல்படி அந்தத் தண்ணீர் வேறு என்னதான் செய்யும் என்று கேட்டு அனுப்பினேன்.)

இந்த இடத்தில் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அழகு, வாஸ்து, சொசைட்டி ஒழுங்கு, ஸ்கூட்டர் சக்கரம், நான் பெண் என்பது ஆகிய எல்லாக் காரணங்களுக்காகவும் என்னைத் தடுத்தார்கள். சரியான காரணத்துக்காக என்னைத் தடுத்தவர் ஒருவர்கூட இல்லை. தவறான காரணத்துக்காகத் தடுப்பவர்களை மீறுவது என் உரிமை. இன்றும் அதுதான் என் நிலை.

மே மாத ஞாயிறு ஒன்றில் சீத்தா கேம்ப்பிலிருந்து கொத்தனார் செல்வராஜ் வந்தார். நான் சொல்வதை அப்படியே செய்வது அவருடைய கொள்கை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. (பின்னால் யார் மேலும் பழி போட வழியில்லாமல் போனதற்கும் அந்தக் கொள்கைதான் காரணம்.)

தரையில் சுண்ணாம்பு நூலால் இரண்டு இணைகோடுகள் அடித்தோம். பத்திகளுக்கு நடுவே கோடு போட்டே வயதாகிப்போன கண் எனக்கு. இரண்டாவது கோடு ஒரு முனையில் நூலிழை விலகியிருந்தது. அழித்து மறுபடி அடிக்கச் சொன்னேன்.

“அக்கா, மேல ஜாலி வந்துரும். யாருக்கும் தெரியாது” என்றார் செல்வராஜ்.

“எனக்குத் தெரியும்.”

அழித்து அடித்தார். பிறகு கட்டிங் மெஷின் ஓடியது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டினால் தூசி பறக்காது என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் வெட்டினோம். அப்படியும் அரை மணியில் கட்டடம் முழுவதும் மாவு மில் மாதிரி ஆகிவிட்டது. முதல் மாடிக் கம்பியோரம் சேஷாத்ரி மாமி காயவைத்திருந்த வடாம் மேலும் கான்கிரீட் படிந்தது. அந்த வடாமைப் பொரித்தால் பொரியுமா, இறுகுமா என்று மாமி மாடியிலிருந்தே உரக்கக் கேட்டார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பள்ளம் தோண்டி, அடியில் சிமென்ட் கலவை கொட்டி, தொட்டிகளைக் கோத்து இறக்கினோம். இனிமேல்தான் கலை. செல்வராஜ் ரசமட்டத்தை எடுத்தார்.

“எவ்ளோ வாட்டம் வைக்க, அக்கா?”

“தண்ணி நிக்கவும் கூடாது, ஓடவும் கூடாது. நடக்கணும்.”

அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான். வாட்டம் அப்படியே அமைந்தது. பின்சுவரிலிருந்து ஜாலி வரை தரைக்கும் மெல்லிய சாய்வு கொடுத்து மேல்பூச்சு பூசச் சொன்னேன். உள்ளே எது கொட்டினாலும் தானே வாசலுக்கு நடந்து வந்துவிட வேண்டும். ஜாலி தரைமட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே உட்கார வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தடுக்கி நின்றுவிடும். உட்கார்ந்தது. ஜாலிக்குள் சிமென்ட் விழாமல் எங்கள் பத்திரிகையின் பழைய தாள்களை விரித்து மூடினோம். வெளிமுனையில் குழாய் பொருத்தி, தெருச் சாக்கடையின் சுவரில் துளை போட்டு இணைத்தோம்.

சிமென்ட் இறுகிய பிறகு சோதனை. நான் பின்சுவரோரம் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தேன். தண்ணீர் அவசரமில்லாமல் நடந்து வந்து, ஜாலிக்குள் இறங்கி, போய்விட்டது. செல்வராஜ் கைதட்டினார். சேஷாத்ரி மாமா நம்பவில்லை. தானே ஒரு வாளி கொண்டுவந்து கவிழ்த்தார். அதுவும் போனது. “போறதே!” என்றார், ஏதோ அது ஒரு குறை மாதிரி.

ஜூன் தொடக்கத்தில் யூசுப்பின் பைகள் டெம்போவில் வந்து இறங்கின. அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பைகள் நிமிர்ந்து நின்ற நிலையில். பழக்க தோஷத்தில் பஷீர் செங்கல் எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

“என்ன செய்தீக?”

“கீழ ரெண்டு கல்லு வச்சிட்டு மேல பலகையப் போட்டா...”

“எதுக்கு?”

“ஒரு இதுக்குத்தான்.”

“எந்த இதுக்கு? என் வடிகால் மேல நம்பிக்க இல்லையா?”

யூசுப் என்னைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். “லாத்தா, கல்லு இருந்தா என்ன, ஒரு ஓரமா...”

“கல்லெல்லாம் வெளிய போகணும்” என்றேன். போயிற்று. எல்லாச் செங்கலையும் நானே நின்று வெளியேற்றி, தெருமுனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தவருக்குக் கொடுத்தேன். பெட்டிகள் என் சாய்வான, சுத்தமான, வறண்ட தரையில் நேராக அமர்ந்தன.

முதல் மழை வந்தது. தெருத் தண்ணீர் வழக்கம்போல் ஷட்டருக்கு அடியில் தலையை நீட்டியது, ஜாலிக்குள் விழுந்தது, போனது. இரண்டாவது மழையிலும் போனது. மூன்றாவது மழைக்கு நான் ஷட்டரை வேண்டுமென்றே பாதி திறந்து வைத்து, போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்து கராஜ்காரர்கள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ஆட்டம் தேவையில்லைதான். ஆனால் மழை பார்த்துக்கொண்டே தேநீர் குடிப்பது குற்றம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஜூலையில், பார்ட்டி டெலிவரி எடுக்க இரண்டு நாள் இருந்தபோது, அது நடந்தது.

இரவெல்லாம் பெரிய மழை. மறுநாள் பிற்பகல் மழை நின்று, லேசாக வெளிச்சம்கூட வந்திருந்தது. நான் மாடுங்கா அலுவலகத்தில் அடுத்த நாள் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்த பஷீர் போன் செய்தார்.

“நசீமா, உன் ஜாலி பாடுது.”

“பாடுதுன்னா?”

“கொடகொடன்னு சத்தம். உள்ள யாரோ வாய் கொப்புளிக்க மாதிரி.”

“குழாய்ல இருக்க காத்து வெளிய வருது. நல்லதுதான். தண்ணி போகுதுன்னு அர்த்தம்.”

போனில் சளக் சளக்கென்று கால் வைக்கும் சத்தம்.

“போகல. வருது.”

“என்ன வருது?”

“தண்ணி. ஜாலி வழியா. கீழேருந்து மேல.”

நான் செய்தியாளர்களிடம் பேசும் குரலில் பேசினேன். “யாரு சொன்னா? நீங்க நேர்ல பாத்தீகளா?”

“கணுக்கால் வரைக்கும் நேர்லதான் நிக்கேன்.”

“மழ நின்னுருச்சே! பக்கத்துக் கராஜ்லயும் வருதா?”

“அங்கெல்லாம் காஞ்சு கெடக்கு. நம்மள்ல மட்டுந்தான் வருது. தெருவுலயே தண்ணி இல்ல. சாக்கடைலருந்து நேரா இங்கதான் வருது, வீடு தெரிஞ்ச விருந்தாளி மாதிரி.” பிறகு தாள் சரசரக்கும் ஓசை. “இரு, இன்னைக்கு உங்க பேப்பர்ல என்னமோ போட்டிருக்கு. படிக்கேன் கேளு. ‘இன்று பிற்பகல் கடல் ஏற்றம் அதிகமாக இருக்கும். அந்நேரத்தில் தாழ்வான பகுதிகளில் மழைநீர் வடிகால்கள் வழியே நீர் எதிர்த்து வரக்கூடும். பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.’ இத யாரு எழுதுனது?”

நான் கையிலிருந்த பேனாவை மூடினேன்.

“ஏளா, கேக்குதா? யாரு எழுதுனது?”

“நான்தான்.”

அந்தப் பெட்டிச் செய்தி பல வருடங்களாக என் பொறுப்பு. மழைக்காலம் முழுவதும் கடல் ஏறும் நாட்களில் முதல் பக்கத்தின் கீழே வரும். வாக்கியம் கணினியில் தயாராகவே இருக்கும். நேரத்தை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புவேன். ‘எதிர்த்து’ என்ற சொல்லைக்கூட நான்தான் போட்டேன். முன்பு இருந்த சொல் துல்லியமாக இல்லை என்று சண்டை போட்டு மாற்றியது. இந்த ஊரில் மழைநீர் கடலுக்குப் போகிறது. கடல் ஏறியிருக்கும்போது, அது வந்த வழியே திரும்புகிறது. மும்பைத் தமிழர்கள் அத்தனை பேரையும் வருடாவருடம் இதைச் சொல்லி எச்சரித்தவள், தன் கராஜிலிருந்து கடலுக்கு நேராகக் குழாய் போட்டு வைத்திருந்தாள். தெரு நிறையும் வரை காத்திருக்காமல் கடல் எங்கள் வீட்டுக்கு முதலில் வர, நான் தனிப்பாதை அமைத்துக் கொடுத்திருந்தேன். தடையே இல்லாத, சரியான வாட்டத்துடன்.

(அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.)

“பெட்டியத் தூக்குங்க!” என்று கத்தினேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. யூசுப்புக்குப் போன் போட்டுவிட்டு ஓடினேன். ரயில் ஓடவில்லை. சயான் வரை நடந்த பிறகு ஆட்டோ கிடைத்தது, சுனாபட்டியில் தேங்கிய தண்ணீரில் நின்றுவிட்டது. அங்கிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழி நெடுக மனசுக்குள் தாய்மாமாவின் குரல்தான். ‘மழ வரட்டும். பய தானா வந்து நிப்பான்.’ என் தம்பி போய் நிற்கப்போகிறான். நான் போட்ட குழாயால்.

நான் போய்ச் சேர்ந்தபோது யூசுப் எனக்கு முன்பே வந்து, இடுப்புத் துணியை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றான். பக்கத்துக் கராஜ்களின் முன்னால் மணல் மூட்டைகள் சும்மா உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. எங்கள் ஜாலிகளின் ஊடே கறுப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கூடவே ஒரு தேங்காய்ச் சிரட்டை, ஒரு பூப்பந்து, யாருடையதோ ஓர் இடது கால் செருப்பு. மேலடுக்குப் பெட்டிகள் தப்பியிருந்தன. கீழடுக்கு அட்டை ஊறிக் கூழாகிக்கொண்டிருந்தது.

யூசுப் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். “லாத்தா, அந்தப் பக்கம் புடி” என்றான், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அது எனக்குச் சுலபம்.

மேலே கொண்டுபோகப் பெட்டியோடு படியேறினோம். முதல் மாடியில் சேஷாத்ரி மாமா வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டாவது மாடிக்கு நீங்க ஏறி எறங்கறதுக்குள்ள பாக்கி எல்லாம் ஊறிடும். எங்காத்துல வையுங்கோ.”

யூசுப் நின்றான். “மாமா... இது தோலு.”

“தெரியறது. மூக்கு இருக்கோல்லியோ எனக்கு. ஊஞ்சலண்ட அடுக்கு. சுவாமி ரூம் பக்கம் மட்டும் போகாதே.”

உள்ளேயிருந்து மாமி, “காலைத் தொடச்சுண்டு வரச் சொல்லுங்கோ!” என்றார். தோல் பிரச்சினை அதோடு முடிந்தது. கால் பிரச்சினை மட்டும் ஒவ்வொரு பெட்டிக்கும் வந்தது.

கட்டடமே படியில் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றியது. மாமா ஒரு பெட்டியையும் தொடவில்லை. ஆனால் யார் எங்கே நிற்க வேண்டும் என்று கடைசிவரை உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார், நடு நடுவே “நான் அப்பவே சொன்னேன்” என்று சேர்த்துக்கொண்டு. “நீங்க வாஸ்துதான் சொன்னீக மாமா, கடலச் சொல்லல!” என்று கீழேயிருந்து கத்தினேன். பஷீர் என் தலையில் அடுத்த பெட்டியை ஏற்றி வாயை அடைத்தார்.

நனைந்த பைகளை வெயில் படாமல் காற்றில் உலர்த்த வேண்டும் என்றான் யூசுப். தோதான இடம் மாடிகளின் முன்பக்க நடைபாதைக் கம்பிகள். அங்கே ‘முன்பக்கம் துணி உலர்த்தக் கூடாது’ என்று செக்ரட்டரி கையெழுத்தோடு பலகை தொங்கியது. எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தன் பலகையைத் தானே படித்தார்.

“துணின்னுதானே போட்டிருக்கு” என்றார். “இது தோல். தொங்க விடு.”

மறுநாள் பார்ட்டியின் ஆள் சரக்கைப் பார்க்க வந்தார். எங்கள் கட்டடத்தின் முகம் முழுவதும், மாடிக்கு மாடி, தோல் பைகள் வௌவால் மாதிரி தொங்கின. அவர் தலையைப் பின்னால் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். “யே க்யா ஹை பாய்?”

என் தம்பி ஏதாவது கதை விடுவான் என்று நினைத்தேன். ஒரு சோதனை, ஒரு பாலிஷ் முறை என்று பத்து பொய் எனக்கே தோன்றின. அவன் உள்ளதைச் சொன்னான். தண்ணீர் வந்துவிட்டது, கீழடுக்கு நனைந்துவிட்டது, நனைந்ததை உங்களுக்குத் தர மாட்டேன், அத்தனைக்கும் பதில் புதிதாகத் தைத்துத் தருகிறேன், ஒரு வாரம் வேண்டும் என்றான். எப்படித் தண்ணீர் வந்தது என்று அவர் கேட்டதற்கு, “குதரத் சாப்” என்று வானத்தைக் காட்டினான். குதரத் என்றால் இயற்கை. அந்த இயற்கை அவனுடைய லாத்தாவாகப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கம்பியில் தொங்கிய ஒரு நனைந்த பையின் கைப்பிடியைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தார். கம்பிதான் ஆடியது. தையல் ஒன்றும் விடவில்லை. இன்னொன்றை இழுத்தார். பிறகு, “ஏக் ஹஃப்தா. உஸ்ஸே ஜ்யாதா நஹீ” என்றார். ஒரு வாரத்துக்கு மேல் ஒரு நாளும் கிடையாதாம்.

அந்த ஒரு வாரம் அலுவலகம் முடிந்ததும் தாராவிக்குப் போய், தகரக்கூரைக்கு அடியில் உட்கார்ந்து, தைத்து வந்த பைகளில் பிசிறு நூல் வெட்டினேன். வேண்டாததை வெட்டுவது எனக்குப் பழகிய வேலை. பஷீர் கடையை அடைத்துவிட்டு வந்து பெட்டி கட்டினார். கூரை சொட்டிய இடங்களில் எல்லாம் அவர் செங்கல் வைத்து, அதன் மேல் பலகை போட்டு, அதன் மேல் பை அடுக்கினார். நான் அடுத்த செங்கலை எடுத்துக் கொடுத்தேன். சொன்ன நாளில் சரக்கு போனது. அதே பார்ட்டி அடுத்த வருடமும் வந்தது. தாராவி மாமா தன் பட்டறையில் யூசுப்புக்கென்று ஒரு தையல் மிஷினைத் துடைத்து வைத்திருந்ததாகக் கேள்வி. அது இன்னும் துடைத்தபடியே இருக்கிறது.

வடிகாலை நான் மூடவில்லை. மூடச் சொன்னவர்கள் இருந்தார்கள். செல்வராஜை மறுபடி அழைத்து, குழாய் முனையில் ஒரு மூடி பொருத்தினேன். உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் தானே அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு வந்த மழைக்காலங்களில் கராஜ் காய்ந்தே இருக்கிறது. சேஷாத்ரி மாமா போன வருடம் என்னிடம் செல்வராஜின் நம்பர் கேட்டார். “உன்னோடது மாதிரி இல்லை. ஒழுங்கா ஒண்ணு போடணும்” என்றார். போட்டார். அச்சு அசல் என்னுடையதேதான்.

வீட்டில் மட்டும் விமோசனம் இல்லை. பஷீர் அந்தப் பெட்டிச் செய்தியைக் கத்தரித்து ஷட்டரின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். விடைபெற்றுப் போன விருந்தாளி குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தால், “போகல, வருது” என்கிறான் யூசுப். ரயில் தவறி நான் வீட்டுக்குத் திரும்பினால் அதே. யூசுப்பின் நிக்காஹ் விருந்தில், ஒரு வீட்டுக்கு அனுப்பி வைத்த பிரியாணி அண்டா அங்கே ஆள் இல்லாமல் திரும்பி வந்தபோது, எங்கள் சொந்தம் மொத்தமும் எழுந்து என்னைப் பார்த்து அதைக் கோரஸாகச் சொன்னது. மணப்பெண் உள்பட.

நனைந்த பைகளில் உருப்படியானவற்றை அந்த வருடமே கட்டடத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டான் தம்பி. சேஷாத்ரி மாமி அதில்தான் காய்கறி வாங்குகிறார். நானும் அப்படியொரு பையோடுதான் தினமும் அலுவலகம் போகிறேன். எல்லாப் பைகளின் அடிப்பாகத்திலும் தண்ணீர் ஏறி நின்ற உயரத்தில் வெளிறிய ஒரு கோடு உண்டு. பையின் அடி விளிம்போடு ஒப்பிட்டால் அந்தக் கோடு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். பார்க்கிறவர்கள் கறை என்கிறார்கள், நான் அவர்களை நிறுத்தி விளக்குகிறேன். தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும். கோடு சாய்ந்திருந்தால் சாய்ந்தது பை. பை நின்றது என் தரையில். வேண்டுமானால் அளந்து பாருங்கள். அந்தச் சாய்வு, நிற்காமல் ஓடாமல் தண்ணீர் நடந்து போவதற்கு நான் வைத்த வாட்டம். இத்தனை வருடமாகியும் அது ஒரு நூல்கூடப் பிசகவில்லை.